பேர் போடாத பீங்கான்



எங்கள் வகுப்பில் இப்போது ஜப்பான் ஜுரம். 2025 ஆகஸ்டில் நம் பிரதமர் டோக்கியோ போயிருந்தபோது இரண்டு நாடுகளும் ஒரு திட்டத்தை அறிவித்தன. ஐந்து வருடத்தில் 5 லட்சம் பேர் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் போய்வர வேண்டுமாம். அதில் 50 ஆயிரம் பேர் தொழில் தெரிந்தவர்களாகவும் கற்றுக்கொள்ளப் போகிறவர்களாகவும் இந்தியாவிலிருந்து ஜப்பானுக்குப் போவார்களாம். அன்றிலிருந்து கடைசி பெஞ்ச் முழுக்க ஹிரகானா எழுத்துதான். செராமிக் நோட்டின் பின் பக்கமெல்லாம் கோழி கிளறிய மாதிரி இருக்கிறது :-)

போன வாரம் ஜங்ஷன் எதிரில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது நண்பன் ஒருவன் சொன்னான்: "அங்க பானை செய்யறவனை சாமி மாதிரி மதிக்கறாங்கடா. இங்க செராமிக் படிக்கறேன்னு சொன்னா, ஓ களிமண்ணு கோர்ஸான்னு சிரிக்கறாங்க."

சிரிக்கிறார்கள் என்பது உண்மை. என்னையும் சிரித்திருக்கிறார்கள். ஆனால் அவன் சொன்ன முதல் பாதி எனக்கு உறுத்தியது. ஜப்பானில் குயவரை எப்போதிலிருந்து மதித்தார்கள்? யாரை மதித்தார்கள்? தேடிப் படித்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியூர் நண்பர்களுக்கு முதலில் எங்கள் ஊரைப் பற்றி நாலு வரி. விருத்தாசலம் கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது. பழைய பெயர் திருமுதுகுன்றம். பழமலைநாதர் கோயிலும் மணிமுத்தாறும் ரயில்வே ஜங்ஷனும் ஊரின் அடையாளம். பக்கத்தில் நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண் அடுக்குகளில் வெள்ளைக் களிமண்ணும் உண்டு. அந்த மண்ணையும் அரசு அமைத்த தொழிற்பேட்டையையும் பயிற்சியையும் நம்பி வளர்ந்ததுதான் எங்கள் பீங்கான் தொழில். அகல் விளக்கு, கொலு பொம்மை, ஃபியூஸ் கட்டைக்கான பீங்கான், கப் சாசர் எல்லாம் இங்கே ஆகும். கார்த்திகைக்கு முந்தைய மாதங்களில் பேட்டைப் பக்கம் போனால் வெயிலில் காயவைத்த அகல்கள் தரை தெரியாமல் கிடக்கும். அவற்றைத் தேய்த்து, விளிம்பைச் சீவி, அடுக்கி வைப்பது பெரும்பாலும் பெண்கள். என் அத்தையும் அதில் ஒருத்தி.

இரண்டு வருடம் முன்பு நவராத்திரி சமயத்தில் சென்னை மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் ஒரு தெருவோரக் கடையில் எங்கள் ஊர் அகலைப் பார்த்தேன். எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த அச்சில் மூக்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தழும்பு உண்டு. அது மாமாவின் அச்சு. அத்தை அந்தத் தழும்பைத் தேய்த்துத் தேய்த்து அலுத்துப்போய் விட்டுவிடுவாள். "இது எந்த ஊருங்க?" என்று தெரியாதவன் போலக் கேட்டேன். கடைக்கார அண்ணன் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்: "பாண்டிச்சேரி பாட்டரி தம்பி. ஒரிஜினல்."

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. விற்கிற பெயரைச் சொன்னார். பாண்டிச்சேரிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று பார்த்தால் அதிலும் ஜப்பான் இருக்கிறது. 1971இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். டெபோரா ஸ்மித் அதற்கு முன் ஜப்பானின் பிஜென் என்ற பழைய மண்பாண்ட ஊரில் தொழில் கற்றவர். அவர்களிடம் கற்றவர்கள் தனித்தனியாகப் பட்டறை போட, பாண்டிச்சேரி பாட்டரி என்றால் ஒரு மதிப்பு வந்தது. எங்கள் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் ஒரு ஊருக்குப் பெயர் இருக்கிறது. எங்களுக்குச் சரக்கு இருக்கிறது.

இதே கதை ஜப்பானில் 400 வருடம் நடந்திருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

1592இல் டொயோடோமி ஹிடெயோஷி கொரியா மேல் படையெடுத்தார். 1598இல் அவர் செத்ததும் படை திரும்பியது. வெறும் கையோடு திரும்பவில்லை. மேற்கு ஜப்பானின் சிற்றரசர்கள் கொரியக் குயவர்களைக் குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்தார்கள். அதனால் அந்தப் போருக்கே 'பானைப் போர்' என்று ஒரு பெயர் உண்டு. அப்படிக் கொண்டுவரப்பட்டவர்களில் ஒருவர் யி சம்-பியோங். அவர் 1616 வாக்கில் அரிதா என்ற இடத்தில் இசுமியாமா மலையில் பீங்கானுக்கான வெள்ளைக் கல்லைக் கண்டுபிடித்தார் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. ஜப்பானின் முதல் பீங்கான் அங்கேதான் பிறந்தது. அதாவது "ஜப்பானியக் கைவண்ணம்" என்று நாம் வாய் பிளக்கிற விஷயத்தின் தொடக்கத்தில் இருப்பவர் ஒரு போர்க் கைதி.

அந்த நிலத்தை ஆண்ட நபேஷிமா குடும்பம் பீங்கானில் காசு வருவதைப் பார்த்தது. 1637இல் சூளைக்கு விறகு வெட்டி மலையே மொட்டையாகிறது என்று சொல்லி, எண்ணூறுக்கும் மேற்பட்ட ஜப்பானியக் குயவர்களை ஊரை விட்டே அனுப்பிவிட்டது. ராஜகுடும்பத்துக்கும் பரிசுப் பொருளுக்கும் ஆன உயர்ந்த சரக்கை ஒகாவச்சியாமா என்ற இடத்தில் செய்ய வைத்தார்கள். மூன்று பக்கமும் மலை, நுழையும் இடத்தில் காவல் சாவடி. தொழில் ரகசியம் வெளியே போகக் கூடாதாம். குயவர் வெளியே போனால் ரகசியமும் போகுமே, அதனால் அவரும் போகக் கூடாது! அந்த ஊரில் இன்றைக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. யாரென்றே தெரியாத குயவர்களின் கல்லறைக் கற்கள் எண்ணூறுக்கும் மேல், கோபுரம் மாதிரி அடுக்கிவைத்திருக்கிறார்கள். நண்பன் சொன்ன 'சாமி மாதிரி' மதிப்பு இதுதானா என்று அந்தப் படத்தைப் பார்த்தபோது நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு கொரியக் கூட்டத்தை தெற்கே சத்சுமா அரசர் நயேஷிரோகாவா என்ற ஊரில் குடிவைத்தார். அங்கே சட்டம் தலைகீழ். ஜப்பானியப் பெயர் வைக்கக் கூடாது, கொரிய உடையும் பேச்சும் பெயரும் மாறக் கூடாது என்றார்கள். தலைமுறை தலைமுறையாக அப்படியே வாழ்ந்தார்கள். 1868க்குப் பிறகு காலம் மாறியதும் அதே கொரியப் பெயர் அவமானத்துக்குக் காரணமாயிற்று. அந்த ஊரில் 1882இல் பாக் என்ற குடும்பத்தில் பிறந்த பையனுக்கு நான்கு வயதில் குடும்பப் பெயரை டோகோ என்று மாற்றினார்கள். அந்தப் பையன்தான் டோகோ ஷிகெனோரி. 1941இல் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டபோதும் 1945இல் ஜப்பான் சரணடைந்தபோதும் வெளியுறவு அமைச்சர். குயவர் வீட்டுப் பிள்ளை, பெயரை மாற்றாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியுமா என்பது என் சந்தேகம்.

சரி, பீங்கானுக்கு வருவோம். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் சீனாவில் மிங் வம்சம் கவிழ்ந்து ஒரே குழப்பம். சீனப் பீங்கான் கிடைக்காத டச்சுக் கம்பெனி அரிதா பக்கம் திரும்பியது. 1659இல் பெரிய ஆர்டர் போனது. சரக்கு இமாரி என்ற துறைமுகத்தில் கப்பலேறும். அதனால் ஐரோப்பாவில் அதற்கு 'இமாரி' என்றே பெயர். செய்தது ஒரு ஊர், பெயர் எடுத்தது துறைமுகம். பின்னால் ரயில் வந்து சரக்கு அரிதா ஸ்டேஷனிலேயே ஏற ஆரம்பித்ததும்தான் 'அரிதா' என்ற பெயர் பெரிதாயிற்று.

இப்போது அரிதாவுக்கு அடுத்த ஊரைக் கவனியுங்கள். பெயர் ஹசாமி. மாவட்டம் வேறு, மண்ணும் தொழிலும் ஏறக்குறைய ஒன்றே. அதுவும் கொரியக் குயவர்களோடு ஏறக்குறைய அதே காலத்தில் தொடங்கியதுதான். ஆனால் அரிதா அரண்மனைக்குச் செய்தபோது ஹசாமி சாதாரண ஜனங்களுக்குச் சோற்றுக் கிண்ணம் செய்தது. ஒசாகா பக்கம் யோடோ ஆற்றில் படகுப் பயணிகளுக்குச் சோறு விற்கிறவர்கள் "தின்றாயா இல்லையா" என்கிற மாதிரி முரட்டுத்தனமாகக் கத்துவார்களாம். அந்தக் கத்தலே கிண்ணத்துக்குப் பெயராகி 'குராவான்கா கிண்ணம்' என்றானது. கெட்டியான அடி, அவசரமாகப் போட்ட நீலக் கோடு, மலிவான விலை. அதைச் செய்யத் தோண்டிய மலைச்சரிவுச் சூளைகள் 150 மீட்டர் நீளத்தையும் தாண்டின. ஹசாமிக்கு இன்றுவரை ரயில் நிலையம் கிடையாது. சரக்கு முதலில் இமாரி என்ற பெயரில் போனது. அப்புறம் அரிதா என்ற பெயரில் போனது. ஹசாமி என்ற பெயரில் மட்டும் போகவில்லை.

தொழிலைப் பிரித்துக்கொள்ளும் விதமும் எங்கள் பேட்டையை நினைவுபடுத்தியது. அச்சு செய்பவர் ஒருவர், அச்சில் வார்த்து உருவம் எடுப்பவர் இன்னொருவர், சூளை வைத்திருப்பவர் வேறொருவர், விற்பவர் நாலாமவர். யாரும் முழுப் பொருளுக்குச் சொந்தக்காரர் இல்லை. அதனால் கையெழுத்துப் போடவும் ஆளில்லை.

நடுவில் போர் வந்ததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. 1940களில் ஜப்பானில் உலோகத் தட்டுப்பாடு. கோயில் மணியைக்கூட உருக்கினார்கள். கடைசியில் பீங்கான் ஊர்களிடம் கையெறி குண்டுக்கு ஓடு செய்யச் சொன்னார்கள். 1945இல் அரிதா, செட்டோ, கியோட்டோ ஆகிய இடங்களில் பீங்கானில் நாணயமே அடித்தார்கள். புழக்கத்துக்கு வருவதற்குள் போர் முடிந்து, உடைத்துக் கொட்டிவிட்டார்கள். சோற்றுக் கிண்ணம் செய்த அதே கை, அதே அச்சு, அதே சூளை.

செட்டோ என்று சொன்னேன் அல்லவா, அது எங்களுக்கு இன்னும் நெருக்கமான ஊர். ஜப்பானில் பல பகுதிகளில் பீங்கான் மண்பாண்டம் எல்லாவற்றுக்குமே 'செட்டோமோனோ', அதாவது செட்டோ சாமான் என்றுதான் பெயர். அந்த ஊர் 20ஆம் நூற்றாண்டில் பொம்மைக்குத் திரும்பியது. நாட்டியப் பெண், நாய்க்குட்டி, தேவதை என்று அமெரிக்கர் வீட்டு அலமாரிக்கான பொம்மைகள். செய்முறை நாங்கள் படிப்பதேதான். களிமண் கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்ச, ஓரத்தில் தோல் மாதிரி கெட்டியாகும். மீதிக் கூழைக் கவிழ்த்தால் உள்ளே கூடான பொம்மை. கை, தலை தனி அச்சு, பிறகு ஒட்டுவது. 1947 முதல் 1952 வரை ஏற்றுமதியான பொம்மைகளின் அடியில் 'மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்' என்று முத்திரை இருக்கும். பிடிபட்ட நாட்டில் செய்தது என்று பொம்மையே சொல்ல வேண்டியிருந்தது! பரவாயில்லை, விற்றது. ஊர் செழித்தது.

அப்புறம் 1985 செப்டம்பரில் நியூயார்க்கில் பிளாசா ஹோட்டலில் ஐந்து நாட்டு நிதியமைச்சர்கள் கூடி டாலர் மதிப்பைக் குறைப்பது என்று முடிவெடுத்தார்கள். அப்போது ஒரு டாலருக்கு 240 யென் அளவில் இருந்தது, 1987 முடியும்போது ஏறக்குறைய பாதி ஆகிவிட்டது. அதாவது செட்டோ பொம்மையின் விலை அமெரிக்கக் கடையில் இரு மடங்கு மாதிரி. வாங்குகிறவர் தைவானுக்கும் சீனாவுக்கும் போய்விட்டார். பொம்மை மலிவு என்பதற்காகத்தான் வாங்கினார்கள், செட்டோ என்பதற்காக வாங்கவில்லை. செய்தவர் கை அன்றைக்கும் அதே கைதான்.

ஜப்பான் சும்மா இருக்கவில்லை. 1955இல் ஹமாதா ஷோஜி போன்ற குயவர்களை, மக்கள் 'வாழும் தேசியப் பொக்கிஷம்' என்று அழைக்கும் பட்டியலில் சேர்த்தது. 1974இல் மரபுக் கைத்தொழில்களுக்கென்றே தனிச் சட்டம். நண்பன் சொன்ன மரியாதை இதுதான், பொய்யில்லை. ஆனால் அந்தச் சட்டத்துக்குப் பிறகு என்ன ஆயிற்று? 1970களின் கடைசியில் மரபுக் கைத்தொழில்களில் மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக ஆட்கள் இருந்தார்கள். 2010களில் 70 ஆயிரத்துக்கும் கீழே. ஜப்பானில் இப்போது பத்தில் ஏறக்குறைய மூன்று பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். 2023 கணக்கெடுப்பில் ஆளில்லாத வீடுகள் மட்டும் 90 லட்சம். தாத்தா தேசியப் பொக்கிஷமாக இருந்தாலும் பேரன் டோக்கியோவில் ஆபீஸ் வேலைக்குத்தான் போகிறான். நம் கடைசி பெஞ்சுக்கு அழைப்பு வருவதும் அந்தக் காலியான நாற்காலிகளால்தான். 400 வருடம் முன்பு ஆள் பிடிக்கப் படை அனுப்பினார்கள். இப்போது ஒப்பந்தம் போடுகிறார்கள். முன்னேற்றம்தான் :-)

ஹசாமி மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி ஆனது. 2000ஐ ஒட்டிய வருடங்களில் ஜப்பானில் பொருளின் பிறப்பிடத்தைப் பொய்யாகப் போடும் மோசடிகள் வெளியாகி, எந்த ஊரில் செய்தார்களோ அந்த ஊர்ப் பெயரைத்தான் போட வேண்டும் என்ற கெடுபிடி வந்தது. ஹசாமிக்காரர்கள் இனி 'அரிதா' என்று விற்க முடியாது. அவர்களுக்கு அது இடி. ஹசாமியை யாருக்குத் தெரியும்? விற்பனை படுத்தது. வேறு வழியில்லாமல் சொந்தப் பெயரை எழுத ஆரம்பித்தார்கள். 2010இல் மருஹிரோ என்ற கம்பெனி, ஹசாமி என்றே பெயர் வைத்து, தடித்த வண்ணக் கோப்பைகளைக் கொண்டுவந்தது. பழைய சோற்றுக் கிண்ணத்தின் அதே கெட்டி, அதே எளிமை. இளைஞர்கள் வாங்கினார்கள். இன்றைக்கு ஹசாமியைத் தேடி ஊருக்கே வருகிறார்கள்.

இதைச் சொல்லி முடித்துவிட்டால் அழகான கதையாக இருக்கும். ஆனால் அங்கேயும் அச்சு செய்கிற கைகளுக்கு வயதாகிவிட்டது, அடுத்த ஆள் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது என்பதே நிலைமை. கோப்பையின் அடியில் ஊர்ப் பெயர் வந்தது, அச்சுக்காரர் பெயர் வரவில்லை. என் கருத்தைக் கேட்டால், மரியாதை வந்து தொழிலைக் காப்பாற்றும் என்ற பேச்சை நான் இப்போது நம்புவதில்லை. பெயர் வந்தால் விலை வரும், விலை வந்தால் கூலி வரலாம். அந்த 'லாம்' எங்கே தடுக்கிக்கொள்கிறது என்பதுதான் கேள்வி.

அதை மாமாவிடமே கேட்டேன். பேட்டையில் சின்ன யூனிட் வைத்திருக்கிறார். "ஏன் மாமா, அகல் அடியில விருத்தாசலம்னு போட்டா என்ன?"

"போட்டா எடுக்க மாட்டாங்கடா. மொத்தமா வாங்கறவங்க கேக்கறதே அடி வழவழன்னு இருக்கணும்னுதான். அவங்க ஸ்டிக்கர் ஒட்டணும் இல்ல?"

எனக்கு உடனே எங்கள் ஊர்க் கதைதான் ஞாபகம் வந்தது. சுந்தரர் இங்கே வாங்கிய பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பார்கள். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்ற பழமொழியே அதிலிருந்துதான். சுந்தரருக்குக் குளத்திலும் அவர் பொன்னே கிடைத்தது. நாங்கள் இங்கே போட்டதை மாட வீதியில் வேறு யாரோ எடுக்கிறார்கள்.

மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது மாதிரி சட்டப்பூர்வமான வழிகள் இருக்கின்றன. ஆனால் ஹசாமியில் நடந்ததைப் பார்த்தால், செய்கிறவர் ஆசைப்பட்டுப் பெயர் போடவில்லை. வாங்கிவிற்பவர் வேறு பெயர் போட முடியாதபடி விதி வந்தது, அதனால் போட்டார். ஒரு யூனிட்காரர் தனியாகப் போட்டால் ஆர்டர் போகும். பேட்டை மொத்தமும் ஒரே வருடத்தில் போட்டால் மொத்த வியாபாரி எங்கே போவார்? இதை மாமாவிடம் சொன்னேன். "நீ முதல்ல பாஸ் பண்ணு" என்றார்.

இருந்தாலும் மனுஷர் இளகியவர். தேய்ந்துபோய்த் தூக்கிப்போட இருந்த ஒரு பிளாஸ்டர் அச்சை என்னிடம் கொடுத்து, என்ன வேணா பண்ணிக்கோ என்றார். நான் ஆணியை வைத்து அச்சின் அடியில் பொறுமையாக 'விருத்தாசலம்' என்று கீறினேன். ஒரு மணி நேரம் பிடித்தது. அத்தை அந்த அச்சில் பத்து அகல் எடுத்துக் கொடுத்தாள். சூளையிலிருந்து வந்ததும் ஆசையாகத் திருப்பிப் பார்த்தால், எல்லா எழுத்தும் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலமாக மாறிக் கிடக்கிறது. அச்சில் எழுதினால் திரும்பித்தானே விழும்! இரண்டு வருடமாக இதைத்தான் படிக்கிறேன், தயவுசெய்து எங்கள் சாரிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

அத்தை ஒன்றைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "இது ஜப்பான் எழுத்தா தம்பி?" என்றாள்.

அடுத்த அச்சு கேட்டிருக்கிறேன். கார்த்திகைக்குள் கிடைக்கும் என்று மாமா சொல்லியிருக்கிறார்.